நீல விளக்கு எரியும் வீடு

ஏற்காடு,
12 அக்டோபர் 2025

ஆசிர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அத்தை சேலத்திலிருந்து அம்மாவுக்கு அனுப்பிய படத்தில் நீங்கள் ஒரு லிஃப்ட் கதவின் முன் நிற்கிறீர்கள். கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே போகப் போகிறீர்களா, வெளியே வந்துவிட்டீர்களா என்று தெரியவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை என்று அத்தை சொன்ன பிறகுதான் புரிந்தது.

"போன்ல ரெண்டு வார்த்தை பேசிக்கோங்க" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் போன் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, வாசல் குழாயடி. நான் அங்கே போய் நின்றால் அம்மாவுக்கு உடனே சௌசௌ பறிக்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியண்ணன் மாமா மண்வெட்டி கழுவ வருவார். அவர் மனைவி அத்தாயி அக்கா குடத்தோடு வருவார். போன மாதம் பல் டாக்டரிடம் பேசினேன். மாலைக்குள் மூன்று வீடுகளிலிருந்து கிராம்பு வந்துவிட்டது. அதனால் கடிதம்.

ஒரே ஒரு கேள்விதான். நான் இங்கே ஒரு மிஷன் பள்ளியில் நூலகம் பார்க்கிறேன். இதுவரை நூலகம் என்பது தாழ்வாரத்தில் நிற்கும் நான்கு பீரோ. இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு, வரும் ஜூனில் ஒரு தனி அறை கிடைக்கப் போகிறது. ஜன்னல் வைத்த அறை. அதை விட்டு நான் மலை இறங்குவதாக இல்லை. யாரிடம் சொன்னாலும், "அதெல்லாம் கலியாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு" என்கிறார்கள். எனக்கு அப்புறம் பார்க்கப் பிடிக்காது.

நீங்கள் ஏற்காட்டில் வந்து இருக்க முடியுமா? பொங்கலுக்குள் பதில் சொன்னால்தான் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க நாள் குறிக்க முடியும் என்று அப்பா சொல்கிறார். ஒரு வரி போதும். "முடியாது" என்பதும் ஒரு வரிதான். நான் வருத்தப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
ஃபெபி


பெரம்பூர், சென்னை,
23 அக்டோபர் 2025

ஃபெபி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு லிஃப்ட்டுகளுக்கு நடுவே படித்தேன். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தால் நான்கு பக்கம் வருகிறது. கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என்னால் உடனே சொல்ல முடியாததற்குக் காரணம் ஒரு மீன் தொட்டி. சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, எனக்குத் தெரியப்போவதில்லை.

மூன்று வருடமாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசை. சாதாரணத் தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் கடல்பாசி. ஞாயிற்றுக்கிழமைகளில் கொளத்தூர் மீன் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவேன். இந்த முறை கடைக்காரர் பொறுமையிழந்து ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றடித் தொட்டி. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் (சென்னை வெயிலில் அது இல்லாவிட்டால் மீன் குழம்பாகிவிடுமாம்). அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மர். அலை உண்டாக்கும் பம்ப். பிறகு விளக்கு. விளக்கில்தான் சிக்கிக்கொண்டேன். இரண்டு காட்டினார். ஒன்று சின்னது, வெள்ளை. இன்னொன்று பெரியது, நீலம். அதைப் போட்டதும் கடை முழுக்கக் கடலுக்கு அடியில் போய்விட்டது. "பவளத்துக்கே இதான் சார் போடுறாங்க" என்றார்.

கடல்நீர்த் தொட்டியை ஒரு முறை வைத்துவிட்டால் நகர்த்த முடியாது. எங்கே இருக்கப் போகிறேன் என்று தெரியாமல் அதை வைக்க முடியாது. அதை வைக்காமல் எங்கே இருக்கப் போகிறேன் என்று யோசிக்கவும் முடியவில்லை. நீங்கள் நூலகம் பார்க்கிறவர். கல்யாண விஷயத்தில் என்ன முடிவு வந்தாலும் சரி, விளக்குக்கு மட்டும் ஒரு பதில் எழுதுங்கள்.

படத்தில் நான் வெளியேதான் வந்துகொண்டிருந்தேன்.

அன்புடன்,
ஆசிர்


ஏற்காடு,
2 நவம்பர் 2025

ஆசிர் அவர்களுக்கு,

சிரித்தேன். ஆனால் மரியாதையாகத்தான்.

தாழ்வாரத்துப் பீரோவில் கடலைப் பற்றி மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்று கப்பல் கட்டுவது எப்படி என்பது. மற்றதைப் பள்ளிக் கணினியில் படித்தேன். நீல ஒளிதான் கடலில் ஆழம் வரை இறங்குமாம். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி அதை வைத்துத்தான் சமைத்துச் சாப்பிடுகிறது. அதனால்தான் அந்தப் பெரிய விளக்கு. ஆனால் நம் நாட்டில் பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. உங்களுக்கு இரண்டு கோமாளிகளும் கொஞ்சம் பாசியும்தானே? சின்ன வெள்ளை விளக்கே தாராளம். பெரியதைப் போட்டால் வேண்டாத பாசிதான் கண்ணாடியெல்லாம் ஏறும். கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து விற்கிறார் என்று நினைக்கிறேன்.

எதை வாங்கினாலும் முதல் நாளே முழு வெளிச்சம் வைக்காதீர்கள். இது புத்தகத்தில் படித்தது இல்லை, அப்பா சொன்னது. அவர் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுபவர். காப்பி நாற்றுக்கு நிழல் போடுவதும் எடுப்பதும் அவருக்கு வேத வாக்கியம். உங்கள் கடிதத்தில் விளக்குப் பகுதியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டினேன். "நாத்தை ஒரே நாள்ல வெயில்ல வெச்சா கருகிப் போயிருமுங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான் நெழலைப் பிரிக்கோணும். கடலா இருந்தா என்ன, காடா இருந்தா என்ன?" என்றார். பிறகு ஒன்று கேட்டார். "தண்ணியைக் குளிர வெக்கறதுக்கு மெசினா? ஏனுங்க, அது எதுக்கு? ராத்திரி வாசல்ல வெச்சாப் போதாதா?"

அவர் சொன்ன பிறகு வெப்பமானியைப் பார்த்தேன். காலையில் பதினாறு. உங்கள் மீன்களுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வேண்டும். அங்கே குளிர்விக்க அவ்வளவு பெரிய இயந்திரம். இங்கே ஒரு சாண் ஹீட்டர் போதும். சும்மா ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

நேர்மையாக இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இங்கே காற்றடித்தால் சவுக்கு மரம் ஒயர்மேல் விழும், கரண்ட் போகும். வர நேரமாகும். இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபெபி


பெரம்பூர்,
16 நவம்பர் 2025

அன்புள்ள ஃபெபி,

நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் பெரிய விளக்கைத்தான் வாங்கினேன். எப்படி நடந்தது என்று தெரியவில்லை. சின்னதைக் கேட்கத்தான் போனேன்.

வாங்கி வந்த அன்றே வீட்டு உரிமையாளர் பார்த்துவிட்டார். மூன்றாவது மாடியில் முந்நூறு லிட்டர் என்றதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, கடலு கீழயே இருக்கட்டும். அதுக்குன்னு ஆண்டவன் ஒரு எடம் குடுத்திருக்கான்ல?" என்றார். எடைக் கணக்கு பார்ப்பதுதான் என் தொழில், அதனால் சொல்கிறேன்: அவர் சொல்வதும் சரிதான்.

"ஒரு சாண் ஹீட்டர்" என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

விளக்கை உங்களுக்கு பார்சல் அனுப்பியிருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம். அதில் டைமர் இருக்கிறது. காலையில் மெல்ல விடியும், மதியம் உச்சி, மாலையில் மங்கும். உங்கள் ஊர் கரண்டுக்கும் பனிக்கும் அது தாக்குப்பிடிக்கிறதா என்று கொஞ்ச நாள் எரியவிட்டுப் பாருங்கள். முதலில் விளக்கு மலையேறட்டும். அது நன்றாக இருந்தால் அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.

அன்புடன்,
ஆசிர்


ஏற்காடு,
14 டிசம்பர் 2025

அன்புள்ள ஆசிர்,

விளக்கு நலம். நாங்கள்தான் கொஞ்சம் களைத்திருக்கிறோம்.

பார்சலைப் பிரித்தபோது தொங்கவிட இடம் தேடினேன். அதற்குள் அம்மா கண்ணில் பட்டுவிட்டது. இது வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டும் மாதம். "இத்தன அழகு வெளக்க எதுக்கு உள்ளார வெக்கறது?" என்று கேட்டார். நான் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் அப்பா கூரை முகட்டில் ஏறி, ஸ்டாருக்குள் அதை வைத்துக் கட்டிவிட்டார். மாலையில் பனி இறங்கியதும் மலைச்சரிவே நீலமாகிவிட்டது.

போன வாரம் சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு வாசலில் ஒரு கார் நின்றது. பெங்களூரிலிருந்து மூன்று இளைஞர்கள். பனியில் வழி தவறி, தூரத்தில் இந்த ஸ்டாரைப் பார்த்து, ஏதோ புது ரிசார்ட் என்று அதைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார்கள். "ரூம் இருக்கா ஆன்ட்டி?" என்றார்கள். அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. நட்சத்திரத்தைப் பார்த்து மூன்று பேர், தூர தேசத்திலிருந்து! "இடம் இல்லைன்னு எந்த வாயால சொல்றது சாமி?" என்று உள்ளே கூட்டி வந்து சோறு போட்டுத்தான் அனுப்பினார். அவர்கள் காணிக்கையாக ஒரு பாக்கெட் சிப்ஸ் வைத்துவிட்டுப் போனார்கள்.

அம்மாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் மறுநாளே ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அப்பா இப்போது கேட்டில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறார்: "இது ஊடு. ரூம் இல்லீங்க."

உங்கள் சோதனைக்கு முடிவு: பனி ஒன்றும் செய்யவில்லை. கரண்ட் போய் வந்தால் மட்டும் டைமர் குழம்பிவிடுகிறது. நேற்று ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது வெளியே உச்சி வெயில் வந்துவிட்டது. பெரியண்ணன் மாமாவின் சேவல் இரண்டு முறை கூவியது. ஒரு சின்ன பேட்டரி வைத்தால் சரியாகிவிடும் என்று அப்பா சொல்கிறார்.

இந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று பெரியண்ணன் மாமா கேட்டார். உங்களைப் பற்றி இன்னும் அக்கம்பக்கம் யாருக்கும் சொல்லவில்லை. "ஒரு கம்பெனி சோதனைக்கு அனுப்பியிருக்கு மாமா" என்றேன். பொய்தான். என் விஷயம் குழாயடியில் கழுவப்படுவது எனக்குப் பிடிக்காது.

அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். 27ஆம் தேதி சனிக்கிழமை வாருங்கள். அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஒண்டிக்கடையில் பஸ் இறங்கி, கிளியூர் போகும் சாலையில் நடக்க வேண்டும். கதவு எண்ணெல்லாம் பனியில் தெரியாது. நீல விளக்கு எரியும் வீடு எங்கள் வீடு. இந்த மலையிலேயே அது ஒன்றுதான்.

அன்புடன்,
ஃபெபி


பெரம்பூர்,
28 டிசம்பர் 2025

அன்புள்ள ஃபெபி,

நேற்று உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, கடைசி பஸ்ஸில் சேலம் இறங்கி, இன்று காலை இங்கே வந்து சேர்ந்தேன்.

உங்கள் அப்பா மிக நல்லவர். முதலில் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் பயந்தார். "விளக்கு அனுப்பினது நான்தாங்க" என்றதும், "இன்னும் ரெண்டு வாரம் குடுங்க சாமி, இப்பத்தான் துளிர் வுடப் பாக்குது" என்றார். எனக்குப் புரியவில்லை. நீங்கள் யோசிக்க அவகாசம் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

விளக்கு ஸ்டாரில் இல்லை, வராந்தாவில் மிளகுப் பதியன்களுக்கு மேலே தொங்கியது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் இறக்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. சுவரில் முருகன் காலண்டர் இருந்தது. உங்கள் குடும்பம் இவ்வளவு பரந்த மனம் கொண்டது என்று அத்தை சொல்லவே இல்லை. உங்கள் அம்மா களியும் கீரையும் போட்டார். கேக் இருக்கும் என்று நினைத்து வந்தேன். ஆனால் அந்தக் களிக்கு இணை இல்லை.

தயங்கித் தயங்கி, "பொண்ணைப் பார்க்கலாமாங்க?" என்று கேட்டேன். "அது மாரமங்கலம் போயிருக்குதுங்க. வர ரெண்டு நாள் ஆகும்" என்றார்.

நீங்களே தேதி குறித்துவிட்டு, அந்தத் தேதியில் வெளியூர் போயிருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. நேரில் "முடியாது" என்று சொல்வது கடினம். இருந்தாலும் சொல்ல வந்ததை உங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். எங்கள் கம்பெனியின் சேலம் கிளைக்கு மாற்றல் கேட்டேன், கிடைத்துவிட்டது. யாரும் மலை இறங்க வேண்டாம், நானே ஏறி வருகிறேன், தொட்டி வைக்க தரைத்தளத்தில் மூன்றடி இடம் இருந்தால் போதும் என்றேன். அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "ஊட்டுல கலந்து ரோசனை பண்ணிச் சொல்றனுங்க" என்றார்.

புறப்படும்போது உங்கள் அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினார். மறுக்க மனம் வரவில்லை.

விளக்கு உங்களிடமே இருக்கட்டும்.

ஆசிர்


ஏற்காடு,
28 டிசம்பர் 2025

ஆசிர் அவர்களுக்கு,

நேற்று நீங்கள் வரவில்லை.

அம்மா காலை ஆறு மணிக்கே மசாலா அரைக்க ஆரம்பித்தார். அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அது கசங்கிவிடும் என்று நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தார். நான் ஜன்னலோரம் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொன்றாம் பக்கம். காலையிலும் அதே பக்கம், மாலையிலும் அதே பக்கம். கடைசி பஸ் இறங்கிப் போகிற சத்தம் கேட்டதும் அப்பா சட்டையைக் கழற்றினார். "ரூம் இல்லைன்னு அட்டை மாட்டியிருக்கறதப் பாத்துத் திரும்பிப் போயிருப்பாரோ?" என்று அம்மா கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"முடியாது என்பதும் ஒரு வரிதான், வருத்தப்பட மாட்டேன்" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். அதில் இரண்டாம் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

விளக்கை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்?

ஃபெபி


பெரம்பூர்,
1 ஜனவரி 2026

ஃபெபி,

நான் வந்தேன்.

முருகன் காலண்டர் யாருடையது?

ஆசிர்


ஏற்காடு,
4 ஜனவரி 2026

அன்புள்ள ஆசிர்,

பெரியண்ணன் மாமாவுடையது.

உங்கள் இரண்டு கடிதங்களும் நேற்று ஒரே தபாலில் வந்தன. படித்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தபோது, வாசல் குழாயடியில் பெரியண்ணன் மாமாவே வந்து நின்றார். அப்பாவிடம், "ஏனுங்க ரைட்டரே, அந்த வெளக்குக் கம்பெனிக்காரர் நம்ம ஊட்டுக்கு வந்தாருங்க. எங்கூட்டுல மூணடி எடம் வாடகைக்குக் கேக்கறாரு. கடலு வெக்கப் போறாராம். ஆளு நம்பிக்கையான ஆளுதானுங்களா?" என்று கேட்டார்.

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். கிறிஸ்துமஸை ஒட்டி நான்கு நாள் ஒரே பனி, சூரியனே இல்லை. மாமாவின் மிளகுப் பதியன்கள் அழுக ஆரம்பித்தன. செடி வளர்க்கிற விளக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வருகிற அன்று மதியம் வந்து கேட்க, அப்பா கூரையிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டார். ஸ்டாருக்குள் சாதாரணக் குண்டு பல்பு. வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் கூரை முகடு தெரியாது. எனக்கு எதுவும் தெரியாது. ஏன் கொடுத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். "பொழுது சாயறதுக்குள்ள தந்தர்றேன்னாரு கண்ணு. பதியன் அழுகறப்ப எப்படி இல்லைங்கறது?" என்றார். அவர் காப்பி எஸ்டேட் ரைட்டர். செடி சாகிறது என்று யார் சொன்னாலும் அவருக்கு வேறு எதுவும் காதில் விழாது.

ஒண்டிக்கடையிலிருந்து வந்தால் மாமா வீடுதான் முதலில் வரும். இன்னும் இருநூறு அடி நடந்திருந்தால் பிரியாணி. மாரமங்கலம் போயிருந்தது அவர் மகள் அமுதா. கலியாணமான பெண்ணைப் பார்க்க ஒரு கம்பெனிக்காரர் ஏன் ஆசைப்படுகிறார் என்று அத்தாயி அக்காவுக்கு இன்னும் சந்தேகம். திருநீறு பூசியது அந்தப் புத்தி தெளியட்டும் என்றுதானாம்.

ஆனால் அப்பாவைத் திட்டி முடித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். நீங்கள் யார் என்று மாமாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவரே உங்களைக் கையைப் பிடித்து இங்கே கொண்டுவந்து விட்டிருப்பார். விளக்கு இடம் மாறியது அப்பாவின் வேலை. உங்களைக் கம்பெனிக்காரர் ஆக்கியது நான்.

நீங்கள் எனக்கென்று சொல்ல வந்ததையெல்லாம் கடிதத்தில் படித்த கையோடு பெரியண்ணன் மாமா வாயாலும் கேட்டேன். மாற்றல் கிடைத்தது, மேலே ஏறி வருகிறேன் என்றது, எல்லாவற்றையும் குழாயடியில் நின்று உரக்கச் சொன்னார். அம்மா சௌசௌப் பந்தலுக்குக் கீழே இருந்தார். அத்தாயி அக்கா குடத்தோடு இருந்தார். நான் பயந்த மாதிரியே நடந்தது. ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. நான் மாமாவிடம், "அவர் கம்பெனி இல்லீங்க மாமா. என்னைக் கட்டிக்கப் போறவரு" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. அத்தாயி அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

இனி வேலையைப் பார்ப்போம். முன்னறையில் தெற்குச் சுவரோரம் அளந்துவிட்டேன். சிமெண்டுத் தரை, மூன்றரை அடி இருக்கிறது. வெயில் நேராக விழாது. கொளத்தூர்க் கடைக்காரரிடம் சில்லர் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் முகம் வாடும், பார்க்காதீர்கள். ஹீட்டர், ஸ்கிம்மர், அலை பம்ப், கரண்ட் போனால் ஓட பேட்டரியில் ஒரு காற்று பம்ப், அவ்வளவுதான். தொட்டியில் தண்ணீர் ஊற்றிய பிறகு மீன் விட ஆறு வாரம் காத்திருக்க வேண்டுமாம். ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தொடங்கலாம்.

விளக்கு மாமாவிடமே இருக்கிறது. கேட்க மனமில்லை, பதியன்கள் எல்லாம் இரண்டு இலை விட்டுவிட்டன. அதனால் இந்த மாதம் 24ஆம் தேதி மறுபடி வாருங்கள், எந்த விளக்கையும் தேட வேண்டாம். ஒண்டிக்கடையில் பஸ் நிற்கிற இடத்தில் நானே நிற்கிறேன். சனிக்கிழமை, சந்தைக் கூட்டம் மாதிரி இருக்கும். தெரிந்தவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள், யார் இது என்று கேட்பார்கள்.

கேட்கட்டும். சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஃபெபி